வேதியியல் அறிஞர் மார்கோவ்னிகோவ்

செட்டிநாட்டைச் சார்ந்த கல்லல் முதலிய ஊர்களில், முற்றிய மாங்காய்களை வைக்கோலில் பொதிந்து பழுக்க வைத்தல் நெடுங்கால வழக்கம். வாழைத்தார்களை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் இட்டுப் பழுக்க வைத்தலும் உண்டு. காய் கனியாவதற்குத் துணைபுரிவது எத்திலீன் என்னும் வாயு. பழுக்கும் காய்களினின்றும் அது தானே வெளிப்படுகின்றது. புகையிலும் அது கலந்துள்ளது. கண்ணுக்குப் புலனாகாத இவ்வாயு, ஆல்கீன்கள் என வேதியியலார் வழங்கும் பெரியதொரு குடும்பத்தின் முதல் உறுப்பாகும்.

ஆல்கீன்களின் தனித்தன்மை அவற்றின்கண் உள்ள இரட்டைப் பிணைப்பாகும். இரண்டு கார்பன் அணுக்கள் இரு கைகளையும் கோத்து நிற்பது போன்றது அது. அவ்விரு பிணைப்புகளுள் ஒன்று உறுதியானது. மற்றொன்று சற்றுத் தளர்ந்தது. வேற்றுப் பொருளின் அணுக்கள் வந்து சேருங்கால், தளர்ந்த பிணைப்பு அவிழ்கின்றது. விடுபட்ட கைகள் வந்த அணுக்களைப் பற்றிக்கொள்கின்றன. முன்பிருந்த அணு ஒன்றும் வெளியேறாமல் புதியன வந்து கூடுதலின், இது சேர்க்கை வினை எனப் பெயர் பெற்றது. செம்பழுப்பு நிறமுடைய புரோமின் நீரில் எத்திலீனைச் செலுத்தினால், சிறிது நேரத்தில் நிறம் மறைந்து நீர் தெளிந்துவிடும். புரோமின் எத்திலீனோடு சேர்ந்துவிட்டமையே அதற்குக் காரணம்.

எத்திலீனில் உள்ள இரு கார்பன்களும் ஒரு தன்மையன. அதன் அடுத்த உறுப்பாகிய புரொப்பிலீனிலோ நிலை வேறு. அதில் மூன்று கார்பன்கள் வரிசையாக நிற்கின்றன. இரட்டைப் பிணைப்பின் ஒருபுறத்தே 2 ஹைட்ரஜன் அணுக்களை உடைய ஓரத்துக் கார்பனும், மறுபுறத்தே 1 ஹைட்ரஜன் அணுவை மட்டுமே உடைய நடுக் கார்பனும் உள்ளன. இதனோடு ஹைட்ரஜன் புரோமைடு வந்து சேர்ந்தால், ஹைட்ரஜன் எந்தக் கார்பனை அடையும்? புரோமின் எந்தக் கார்பனை அடையும்? ஹைட்ரஜன் நடுவிற் சேர்ந்தால் ஒரு பொருளும், ஓரத்திற் சேர்ந்தால் வேறொரு பொருளும் கிடைக்கும். இவ்வினாவுக்குத் தெளிவான விதி ஒன்றை வகுத்து விடை கூறியவர் உருசிய நாட்டு அறிஞர் விளாதிமிர் வசீலியெவிச் மார்கோவ்னிகோவ் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

மார்கோவ்னிகோவ் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முடியுந் தறுவாயில், வால்கா ஆறு பாயும் நிழ்னி நோவ்கோரது பகுதியில் பிறந்தார். அவர்தம் தந்தையார் படையில் அலுவல் புரிந்தவர். இளமைக் கல்வியை முடித்தபின், 1856ஆம் ஆண்டில் அவர் கசான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கசான், தலைநகரங்களுக்கு மிகத் தொலைவில் இருந்த ஊர். ஆயினும் அதன் பல்கலைக்கழகம் புகழில் குறைந்ததன்று. கணித மேதை உலோபசெவ்சுகி நெடுநாள் பணியாற்றியதும், கிளாவுசு என்பார் 1844இல் உருத்தேனியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்ததும் அங்கேதான்.

மார்கோவ்னிகோவ் அங்குப் பயிலச் சென்றது வேதியியல் அன்று; சட்டமும் பொருளியலும் ஆட்சித் துறையும் சார்ந்த கல்வியே. அப்பிரிவு மாணவர்கள் வேதியியலையும் ஓரளவு கற்றல் வேண்டும் என்பது அந்நாளைய ஏற்பாடு. அவ்வாறு கட்டாயத்தின் பேரில் வேதியியல் வகுப்பிற் சென்றமர்ந்த இளைஞரின் வாழ்க்கை அங்கேயே திசை திரும்பிற்று. அதற்குக் காரணமானவர் ஆசிரியர் புத்லெரோவ்.

ஆசிரியர் காட்டிய வழி

புத்லெரோவ் 1861ஆம் ஆண்டில் புதியதொரு கருத்தை உலகிற்கு வழங்கினார். ஒரு பொருளின் இயல்பை அறிவதற்கு, அதனுள் எவ்வணுக்கள் எத்துணை உள்ளன என்று எண்ணினால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று எம்முறையில் இணைந்துள்ளன என்பதையும் அறிதல் வேண்டும் என்பதே அக்கருத்து. ஒரே அளவு செங்கல்லும் மரமும் கொண்டு இருவேறு அமைப்புடைய வீடுகளைக் கட்டலாம் அல்லவா? அது போன்றே, ஒரே எண்ணிக்கையுள்ள அணுக்கள் வெவ்வேறு முறையில் இணைந்து வெவ்வேறு பொருள்கள் ஆகின்றன. இத்தகைய பொருள்களை மாற்றியங்கள் என்பர்.

மார்கோவ்னிகோவ் 1860இல் பட்டம் பெற்று, புத்லெரோவின் ஆய்வுக்கூடத்திலேயே துணைவராக அமர்ந்தார். நாட்பட்ட நெய்யின் நாற்றத்திற்குக் காரணமான பியூட்டிரிக் அமிலத்தையும், அதன் மாற்றியமாகிய ஐசோபியூட்டிரிக் அமிலத்தையும் அவர் ஆராய்ந்தார். 1865 முதல் 1867 வரை செருமனி நாட்டில் தங்கி, எர்லன்மேயர், கோல்பே முதலிய பேரறிஞர்களின் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார். அந்நாளில் வேதியியலுக்குச் செருமனியே தாயகமாக விளங்கிற்று. அங்குக் கற்க வேண்டியவற்றைக் கற்ற அவர், தம் ஆசிரியரின் கொள்கையைக் கைவிடாமல் தாயகம் திரும்பினார்.

புத்லெரோவின் கொள்கையை மாணவர் மேலும் ஒருபடி உயர்த்தினார். அணுக்கள் இணைந்துள்ள முறையை அறிந்த பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. ஓர் அணுவின் ஒழுக்கம் அதன் அண்டையில் உள்ள அணுக்களால் எவ்வாறு மாறுகின்றது என்பதே அவ்வினா. ஒரே கார்பன் அணு, அயலார் மாறுந்தோறும் தன் இயல்பிலும் மாறுகின்றது என்பதை அவர் உணர்ந்தார். அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் இச்செல்வாக்கையே பொருளாகக் கொண்டு 1869இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தார்.

விதி பிறந்தது

அவ்வாய்வின் பயனாகவே அவர் பெயரால் வழங்கும் விதி பிறந்தது. 1870ஆம் ஆண்டில் செருமனி நாட்டு ஆய்விதழ் ஒன்றிலும் அது வெளிவந்தது. ஒத்திராத இரு கார்பன்களை உடைய இரட்டைப் பிணைப்போடு ஹைட்ரஜன் ஆலைடு ஒன்று சேருங்கால், மிகுதியான ஹைட்ரஜன் அணுக்களை முன்னரே உடைய கார்பனையே ஹைட்ரஜன் சென்றடையும். குறைந்த ஹைட்ரஜனை உடைய கார்பனை ஆலசன் அடையும் என்பது அதன் கருத்தாகும். புரொப்பிலீனோடு ஹைட்ரஜன் அயோடைடு சேரும்போது அயோடின் நடுக் கார்பனையே பற்றுகின்றது. செல்வம் உள்ளவரிடமே மேலும் செல்வம் சேர்வது போல, ஹைட்ரஜன் உள்ள இடத்திலேயே மேலும் ஹைட்ரஜன் சேர்கின்றது என்று மாணவர் இதனை நினைவிற் கொள்வர்.

இவ்விதியை வகுத்த காலத்தில் மார்கோவ்னிகோவின் கையிலிருந்த சோதனைச் சான்றுகள் மிகப் பலவல்ல. எலக்ட்ரான் என்னும் நுண்துகள் உலகிற்குத் தெரியவந்ததே 1897ஆம் ஆண்டில்தான். அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்னரே, அணுக்களின் அண்டைச் செல்வாக்கு ஒன்றையே விளக்காகக் கொண்டு, அவர் இவ்வுண்மையைக் கண்டார். ஆயினும் விதியின் அருமையை உலகம் உடனே உணர்ந்திலது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அது வேதியியல் நூல்களில் நிலையான இடம் பெற்றது.

பதவியினும் நீதி பெரிது

1869இல் புத்லெரோவ் தலைநகர்ப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றமையால், கசானில் அவர் வகித்த பணி மார்கோவ்னிகோவுக்கு வாய்த்தது. முப்பது வயதளவிலேயே பேராசிரியர் பதவி, ஆசிரியர் விட்டுச் சென்ற ஆய்வுக்கூடம், ஆர்வமிக்க மாணவர் கூட்டம் ஆகிய எல்லாம் அவருக்குக் கிடைத்தன. ஆனால் அந்நல்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை.

கசானில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் இலெசுகாப்டு. அவர் பல்கலைக்கழக ஆட்சியாளரின் முறையற்ற போக்கினை வெளிப்படையாகக் கண்டித்தார். அதன் விளைவாக 1871இல், முறையான உசாவல் ஏதுமின்றி அவர் பணியினின்றும் நீக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் மார்கோவ்னிகோவின் துறையைச் சார்ந்தவர் அல்லர். வாய்வாளாது இருந்திருந்தால் அவருக்கு யாதோர் இடையூறும் நேர்ந்திராது. எனினும், உடன் பணிபுரிவோர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டும் காணாதிருத்தல் கற்றவர்க்கு அழகன்று என அவர் கருதினார். வேறு சில பேராசிரியர்களோடு தாமும் பதவியைத் துறந்து வெளியேறினார். தம் புகழ்பெற்ற விதி பிறந்த ஆய்வுக்கூடத்தையே நீதியின் பொருட்டு அவர் இழந்தார்.

அதன்பின் கருங்கடற் கரையிலுள்ள ஒதேசா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஈராண்டு பணியாற்றினார். 1873இல் மாசுகோ பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அங்கேயே கழிந்தது.

மாசுகோவில் ஆற்றிய பணி

மாசுகோவில் வேதியியல் கற்பிக்கும் முறையை அவர் சீர்செய்தார். நூலைப் படித்து ஒப்பித்தலை விடுத்து, மாணவர் தம் கையாற் செய்து கண்ணாற் கண்டு கற்றல் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கிழ்னெர், கொனொவாலோவ், தெமியானோவ் என்பார் அவரிடம் பயின்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அறிஞராயினர்.

அக்காலத்தே பாகூ நகரைச் சூழ்ந்த நிலத்திலிருந்து மண்ணெண்ணெய்க்கு மூலமான கல்நெய் பெருகி வந்தது. அங்குக் காய்ச்சி வடித்த மண்ணெண்ணெய் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கும் வந்து, நம் நாட்டு வீடுகளில் விளக்கெரித்தது. தம் நாட்டுச் செல்வமாகிய அந்த எண்ணெயின் இயல்பைத் தம் நாட்டினரே அறிந்து பயன்கொள்ளல் வேண்டும் எனக் கருதிய மார்கோவ்னிகோவ், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனை ஆராயத் தொடங்கினார்.

அவ்வெண்ணெயில் வியப்பான பொருள்கள் இருந்தன. அவற்றில் கார்பனும் ஹைட்ரஜனும் ஆல்கீன்களில் உள்ள அதே விகிதத்தில் அமைந்திருந்தன. அஃதாவது ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன். ஆனால் ஆல்கீன்களுக்கு இயல்பான சேர்க்கை வினையை அவை புரியவில்லை. எண்ணிக்கை ஒன்றாயினும் ஒழுக்கம் வேறாயிருந்தது. இரட்டைப் பிணைப்பு அவற்றில் இல்லை. கார்பன் அணுக்கள் மாலை போல வளைந்து, முதலும் முடிவும் கூடி வளையமாகி நிற்கின்றன என்பதே அதற்கு விளக்கம். இப்பொருள்களுக்கு நாப்தீன்கள் என்று பெயர் வழங்கிற்று. அணுக்களை எண்ணுதல் போதாது, அவை இணைந்த முறையை அறிதல் வேண்டும் என்று ஆசிரியர் கற்பித்த பாடம், மாணவரின் கையில் மீண்டும் பயன் தந்தது.

கார்பன் வளையம் என்றால் ஆறு அணுக்களாலேயே அமையும் என்று அந்நாளில் பலர் எண்ணியிருந்தனர். மார்கோவ்னிகோவ் 1879இல் நான்கு கார்பன் வளையம் உடைய பொருளையும், பின்னர் ஏழு கார்பன் வளையம் உடைய பொருளையும் ஆராய்ந்து காட்டி அவ்வெண்ணத்தை மாற்றினார்.

1893இல் அவருக்கு மற்றொரு சோதனை நேர்ந்தது. பணியாண்டு நிறைவுற்றமையைக் காரணங்காட்டி, அவர் வளர்த்த ஆய்வுக்கூடத்தின் தலைமையை இளையவராகிய செலின்சுகியிடம் ஒப்படைக்குமாறு செய்தனர். இரண்டாம் முறையாக ஆய்வுக்கூடத்தை இழந்தும் அவர் ஆராய்ச்சியை இழந்தாரல்லர். தமக்கென விடப்பட்ட சிறு பகுதியில் இறுதிவரை உழைத்தார். 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மாசுகோவில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

விதிக்குக் காரணம்

மார்கோவ்னிகோவ் மறைந்த பின்னர், 1920 முதல் 1940 வரையிலான ஆண்டுகளில், இங்கிலாந்தில் இராபின்சன், இங்கோல்டு என்பாரும் அமெரிக்காவில் விட்மோர் என்பாரும் வேதிவினைகள் நிகழும் வழிமுறையை எலக்ட்ரான்களைக் கொண்டு விளக்கினர். தமிழ்நாட்டின் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேசாத்திரி, அந்த இராபின்சனிடமே மான்செசுடர் நகரில் ஆராய்ச்சி பயின்று திரும்பிய அறிஞர் ஆவார்.

அவ்விளக்கம் வருமாறு: ஹைட்ரஜன் புரோமைடு சேருங்கால் இரு அணுக்களும் ஒருங்கே வந்து பற்றுவதில்லை. நேர்மின் சுமையுடைய ஹைட்ரஜன் முதலில் வந்து, இரட்டைப் பிணைப்பின் தளர்ந்த எலக்ட்ரான் இணையைப் பற்றுகின்றது. அது சேராத மற்றைக் கார்பன் எலக்ட்ரானை இழந்து நேர்மின் சுமையைத் தாங்குகின்றது. அச்சுமையைத் தாங்கவல்ல கார்பன் எது? பல்லக்கின் பாரத்தை இருவர் தாங்குவதினும் எண்மர் தாங்குதல் எளிது. அவ்வாறே, அண்டையில் கார்பன்கள் மிகுதியாக உள்ள கார்பனுக்கு, அவ்வண்டையார் தம் எலக்ட்ரான்களால் ஓரளவு உதவிச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றனர். புரொப்பிலீனின் நடுக் கார்பனுக்கு இருபுறமும் துணையுண்டு. ஓரத்துக் கார்பனுக்கு ஒருபுறமே துணை. ஆகையால் சுமை நடுக் கார்பனில் அமையுமாறு, ஹைட்ரஜன் ஓரத்துக் கார்பனிற் சேர்கின்றது. பின்னர் வரும் எதிர்மின் புரோமைடு, நேர்மின் உள்ள நடுக் கார்பனைப் பற்றுகின்றது. அண்டை அணுவின் செல்வாக்கே வினையின் போக்கை முடிவு செய்கின்றது என்று மார்கோவ்னிகோவ் கொண்ட கருத்து இவ்வாறு உறுதியாயிற்று.

விதி மாறிய இடம்

இதற்கிடையே விதிக்கு மாறான செய்தியொன்றும் வெளிப்பட்டது. 1933இல் அமெரிக்க நாட்டு அறிஞர்களாகிய கராசு, மேயோ என்னும் இருவர், பெராக்சைடு என்னும் பொருள் சிறிது கலந்திருப்பின், ஹைட்ரஜன் புரோமைடு தலைகீழாகச் சேர்தலைக் கண்டனர். புரோமின் ஓரத்துக் கார்பனுக்கும், ஹைட்ரஜன் நடுக் கார்பனுக்கும் சென்றன. அதற்கு முன்னர் ஒரே சோதனையைச் செய்தவர்கள் வெவ்வேறு முடிவுகளைப் பெற்று மயங்கியதற்கும் இதுவே காரணம் என்பது தெளிவாயிற்று.

விதி பொய்த்ததோ எனின், ஆழ்ந்து நோக்குவார்க்கு உண்மை புலப்படும். பெராக்சைடு இருக்கும்போது முதலில் வருவது ஹைட்ரஜன் அன்று; மின்சுமையற்ற தனிப் புரோமின் அணுவே முதலில் வருகின்றது. அது ஓரத்திற் சேர்ந்தால், நடுக் கார்பனில் துணையற்ற ஒற்றை எலக்ட்ரான் எஞ்சுகின்றது. அந்நிலையைத் தாங்குதற்கும் அண்டையில் துணை மிகுந்த நடுக் கார்பனே தக்கது. ஆகவே முதலில் வருவது எதுவாயினும் ஓரத்துக் கார்பனையே அடைகின்றது. வருவோரின் வரிசை மாறிற்று. அதனால் முடிவு மாறிற்று. காரணமோ மாறவில்லை. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இவ்விடத்தே திகைப்பர். காரணத்தை அறிந்தவர் இரண்டையும் ஒரே நூலிற் கோப்பர்.

விதியின் பயன்

மார்கோவ்னிகோவ் விதி ஏட்டளவில் நிற்பதன்று. புரொப்பிலீனோடு நீரைச் சேர்த்தால், இவ்விதியின்படியே ஐசோபுரொப்பைல் ஆல்ககால் கிடைக்கின்றது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதனைப் பெருமளவில் செய்யத் தொடங்கினர். கல்நெய்யிலிருந்து வேதிப்பொருள் ஆக்கும் பெருந்தொழிலின் தொடக்கம் இதுவே என்பர். ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதற்கும், கைகளில் உள்ள நோய்க்கிருமிகளை ஒழிப்பதற்கும் இந்நாளில் இது பயன்படுகின்றது. விதிக்கு மாறாகச் சேர்க்க வேண்டியவிடத்துப் போரான் சேர்மங்களைக் கையாளும் முறையைக் கண்ட பிரவுன் என்னும் அறிஞர் 1979இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

ஒரு நாட்டின் ஆய்வு அந்நாட்டு மண்ணிலேயே வளர்தல் வேண்டும் என்னும் உணர்வு செட்டிநாட்டிலும் முளைத்ததுண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் உரூபாயும் வழங்கியமையால், 1953இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. கல்லலை அடுத்துள்ள ஊரிலேயே வேதியியல் ஆய்வு நடைபெறுதல் அப்பகுதி மாணவர்க்கு ஊக்கமளிப்பதாகும்.

கட்டாயத்தின் பேரில் ஒரு பாடத்தைக் கேட்கச் சென்று, அதற்கே தம் வாழ்வை அளித்தவர் மார்கோவ்னிகோவ். அணுக்கள் தம் அண்டையாரால் ஆளப்படுகின்றன என்னும் உண்மையை அவர் கண்டார். அண்டையில் உள்ளவருக்குத் தீங்கு நேர்ந்தவிடத்துத் தாமும் அதனைத் தம் துன்பமாக ஏற்றார். விதியைக் கற்பதோடு அமையாது அதன் காரணத்தையும் தேடுதல் கல்வி. நன்றெனக் கண்டதன்பால் இழப்பு வரினும் நிற்றல் ஒழுக்கம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்துதல் அரிது. அவ்வரிய பொருத்தம் மார்கோவ்னிகோவின் வாழ்க்கையில் அமைந்திருந்தது.